திருவாசி

லேசர் முடிந்து ஏழு மாதம்.
இன்னும் மூக்கின்மேல் விரல் போகிறது,
இல்லாத கண்ணாடியைத் தள்ளிவிட.

இருபத்திரண்டு மாதம் கட்டிய கூட்டுப் பணம்.
சிரம்பானில், மூன்றாவது மாடியில்,
பல் கிட்டும் குளிர் அறையில்
கண்ணுக்கு இருபது நொடி.
ஏதோ கருகும் வாடை வந்தது.
என்னுடையது என்று அப்போது தோன்றவில்லை.

மறுவாரம் பலகை எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள்.
கடைசி வரிக்கு முந்தைய வரியில்
இரண்டே இரண்டு தவறு.
"ரிசல்ட் ரொம்ப நல்லா வந்திருக்கு, தனேஸ்வரி"
என்றார் டாக்டர்.
பகலில்தான் சொன்னார்.
பகலில் எனக்கும் குறையில்லை.
பஹாவ் பஸ் நிலையத்தில் நின்றபடியே
எதிர்க்கடைப் பலகையில்
இன்றைக்கு என்ன மீன் என்று படித்துவிடுவேன்.

ஆனால் என் வேலை இரவில்.
செம்பனை மில் வாசலில் எடைமேடைக் கூண்டு.
லோரி ஏறும், இரும்பு முனகும்,
பிளேட் எண்ணைப் பார்த்துச் சீட்டுப் போட வேண்டும்.

இப்போது ஒவ்வொரு லோரியும்
விளக்கைச் சுற்றி வளையம், வளையத்தைச் சுற்றி முள் என
திருவாசியோடு வருகிறது.
நடுவே அரைக்கால் சட்டை போட்ட சாமி,
வாயில் அணைந்த சிகரெட்,
முதுகுக்குப் பின்னால் பதினொரு டன் குலை.
பழுக்காத காய்க்கு
சாமியிடமே நூற்றுக்கு இரண்டு கழிக்கிறேன்.

மூன்று எட்டாகிவிடும்.
எட்டு, பக்கத்தில் ஒரு நிழல் எட்டைப் பெற்றுப் போடும்.
மார்ச் மாதம் ஓர் இரவு
குணாளனின் பதினொரு டன்னை
வேறொருவன் கணக்கில் ஏற்றிவிட்டேன்.
காலையில் வந்து கூண்டைத் தட்டினான்.
"கண்ண எங்க வச்சிருந்தே?"

எங்கே என்று சொல்வது.
சொட்டு மருந்துக் குப்பியை மேசையில் வைத்தேன்.
பழைய கண்ணாடியை எடுத்துக் காட்டினேன்,
இதைப் போட்டால் இப்போது
எல்லாமே தண்ணீருக்கடியில் போகிறது என்றேன்.
கருவிழி மெலிந்துவிட்டது,
இன்னொரு தடவை சீவ முடியாதாம் என்றேன்.
அவன் அதை வாங்கித் தன் மூக்கில் மாட்டிப் பார்த்தான்.
"அடேயப்பா, இவ்ளோ குருடா நீ?"
சிரித்துவிட்டேன்.
ஆமாம், இவ்வளவு குருடு.
அதை மறந்தே போயிருந்தேன்.

மறுநாள் இரவு ஒரு லோரி
மேடை ஏறுமுன்பே விளக்கை அணைத்தது.
இருட்டிலிருந்து குரல்:
"என் சி டி, மூணு எட்டு மூணு ஒம்போது!"
மீன் ஏலம் விடுகிற மாதிரி.
பின்னால் வந்த வங்காளதேசத்துப் பையனும் அணைத்தான்.
எதற்கென்று தெரியாமலே
தீகா, லாப்பான் என்று மலாயில் கூவினான்.
கேட்டு எழுதினேன்.
எழுதிவிட்டு, சந்தேகத்துக்கு
டார்ச் அடித்தும் பார்த்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு லோரி குறைந்தது.
மில் புகைபோக்கிக்கு மேல் நிலா,
அதன் தோளில் இன்னொன்று, கொஞ்சம் மங்கலாக.
சொட்டு விட்டேன், இமைத்தேன்.
அப்படியேதான் இருந்தது.
சீட்டில் ஏற்ற வேண்டியதில்லையே என்று
இரண்டையும் விட்டுவிட்டேன்.