இன்றைக்கு எத்தனையாவது வளைவு

தெய்வசிகாமணி சாருக்கு
மலைப் பேருந்து ஒத்துக்கொள்ளாது.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்,
மற்றதெல்லாம் இதிலிருந்துதான்.

வீடு சேலம் அம்மாபேட்டையில்.
ஆறே காலுக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறுவார்.
சட்டைப் பையில் ஓர் எலுமிச்சம்பழம்,
மடியில் ஒரு கேரி பை,
ஜன்னலோரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய பலகை.

ஏற்காட்டில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி,
எங்கள் ஊர் நிறுத்தத்தில்
வெளுத்த முகத்தோடு குழாயடிக்குப் போவார்.
வாய் கொப்பளித்து நிமிர்ந்ததும் கேட்போம்,
"எத்தனை சார்?"
"பதினொண்ணு!"
ஏதோ பரிசு வாங்கிக்கொண்டு வந்தவர் போல.
"நேத்து ஒன்பதுதான். ரெண்டு கூட."

மறுநாள் நாலிலேயே கவிழ்ந்துவிடும்.
அதற்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார்.
"சீக்கிரமே முடிஞ்சுது,
மீதிப் பதினாறும் வேடிக்கை பார்த்துட்டு வந்தேன்.
பன்னெண்டுல ஒரு காட்டெருமை!"

உண்மையில் எங்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.
மூடுபனி வகுப்புக்குள் வந்து
கரும்பலகை நனைந்து சாக்பீஸ் வழுக்கினால்
"மனக்கணக்குக்கு ஏத்த நாள்" என்பார்.
மிளகு பறிக்கப் பாதிப் பேர் போய்விட்டால்
"இன்னைக்கு ஆளுக்கு ரெண்டு சந்தேகம் கேக்கலாம்."
இந்த மனுஷன் எதைத்தான் கெட்டதென்பார்?
அதற்கொரு பந்தயம். வளைவுக்குத் தனிப் பந்தயம்.
தோற்றவர் ஒரு கொய்யா தரவேண்டும்.

வாசிக்கும்போது திக்குகிற இராமாயி
ஒருநாள் மூன்றாவது வரியில் நின்று
"மூணாவது வளைவு சார்" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.
சார் எலுமிச்சம்பழத்தை எடுத்து
அவள் பெஞ்சில் வைத்தார்.
முகர்ந்துவிட்டு நாலாவது வரி படித்தாள்.

சடையன் மட்டும் பாதியில் போனான்,
குடகுக்கு, காப்பித் தோட்ட வேலைக்கு.
சார் இரண்டு தடவை அவன் வீட்டுக்கு நடந்தார்.
பதிவேட்டில் அவன் பெயரை அடிக்காமல்
மார்ச் வரைக்கும் கூப்பிட்டார்.
பதில் வராத அந்த இடத்தில்
அவர் முகத்தில் நல்லதாய் ஒன்றும் இருக்காது.
அடுத்த பெயருக்குப் போக
ஒரு மூச்சு பிடிக்கும்.
அதைப் பார்த்த பிறகுதான்
அவர் சிரிப்பை நான் நம்பினேன்.

கார்த்திகை மழையில்
பதிமூன்றாம் வளைவில் மண் சரிந்தது.
பஸ் வராது, பள்ளிக்கூடம் கிடையாது என்று
வராந்தாவில் கபடி ஆடிக்கொண்டிருந்தோம்.
இரண்டு மணிக்கு
முழங்கால் வரை சேறும்
தலையில் கொங்காணிச் சாக்குமாக ஓர் உருவம்.
குழாயடிப் பக்கமே போகவில்லை.
தூரத்திலிருந்தே கத்தினார்:
"இருபது! இருபதும்!
பன்னெண்டு வரைக்கும் தாங்கினேன், அப்புறம் நடை.
நடந்தா குமட்டாதுன்னு
ஏழு வருஷமா எனக்குத் தோணலையே!"
மிச்சமிருந்த ஒன்றரை மணி நேரத்தில்
வட்டத்தின் பரப்பளவு நடத்தினார்.
எனக்கு அன்றைக்கும் அது புரியவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தொன்று.
வீட்டில் எல்லோரும் அழுதார்கள்.
நான் விரல்விட்டு எண்ணினேன்,
நாலு வளைவு பாக்கி.
ஜூலையில் திரும்ப எழுதினேன். முப்பத்தெட்டு.

இப்போது செவ்வாய்ப்பேட்டையில்
ஒரு ஜவ்வரிசி மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதுகிறேன்.
சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் மேலே வருவேன்.
போன வாரம் முன்சீட்டுப் பையன் வாந்தியெடுத்தான்.
அவன் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.
குனிந்து கேட்டேன்,
"தம்பி, எத்தனையாவது?"

விழித்தான்.
பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு
தலையை வெளியே நீட்டிப் பலகையைத் தேடினான்.
பஸ் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது.