மெய்க்கு அரை மாத்திரை

நீல மாத்திரை, பொட்டளவு.
முதல் மாதம் மெய்க்கு அரை மாத்திரைதான் என்று
மருத்துவச்சி எழுதிக் கொடுத்திருந்தாள்.
ரொட்டிக் கத்தியால் நறுக்கினாள் நொல்ஃபா.
பாதி தட்டில் நின்றது.
பாதி தெறித்து
விறகடுப்பின் அடியில் ஓடிவிட்டது.

முப்பத்தொன்பது வருடம் காத்திருந்த உடம்பு
முட்டி போட்டு, பிட்டம் தூக்கி,
டார்ச்சோடு தரையைத் துழாவிய காலை அது.
பக்கத்தில் அவளும் அதே கோலத்தில்.
அகப்பட்டவை: ஒரு சட்டைப் பொத்தான்,
கல்யாணத்தன்று தொலைந்த அவள் தோடு,
பூனை பதுக்கிய மீன்தலை,
கடைசியில், சாம்பல் பூசிக்கொண்டு என் பாதி.
"இது நாளைக்கு" என்று ஊதி
உப்புக் கிண்ண மூடியில் வைத்தாள்.
சிரித்துச் சிரித்து இருவருக்கும் விக்கல்.

வால்டிவியாவில் மழை நின்றால்தான் செய்தி.
அன்றைக்குச் செய்தி இல்லை.

நாவுக்கடியில் வை, விழுங்காதே,
பேசாதே, கரையட்டும்.
பதினைந்து நிமிடம்.
பேச்சு இல்லாதது எனக்குத்தான்,
அவள் பேசலாம்.
பேசவில்லை.
கெட்டில் மட்டும் முனகியது.
முன்பும் வருடக்கணக்கில் வாயை மூடியிருக்கிறேன்;
அப்போது உள்ளே
கரைய ஒன்றும் இருந்ததில்லை.

அதற்கு முந்தைய வாரம், படிவத்தில் இரண்டு பட்டியல்.
நிறுத்தினால் திரும்புபவை.
நிறுத்தினாலும் திரும்பாதவை.
இரண்டாவதில் பிள்ளை என்ற சொல் இல்லை,
அதன் மருத்துவப் பெயர் இருந்தது.
நொல்ஃபா எழுந்துபோய்
வாசலில் மழையைப் பார்த்தபடி நின்றாள்.
எவ்வளவு நேரமென்று நான் எண்ணவில்லை.
பொய். சுவரில் கடிகாரம் இருந்தது. பதினோரு நிமிடம்.
திரும்பியபோது முன்மயிர் நனைந்திருந்தது.
சாண்டியாகோ போய்ச் சேமித்துவைக்க
எவ்வளவு ஆகும் என்று கேட்டாள்.
தொகையை விரலில் மடக்கிப் பார்த்து
"வேண்டாம், படகுக்குப் பெயிண்ட் அடிக்கணும்" என்றாள்.
அதுவும் பொய்.
பெயிண்ட் போன கோடையிலேயே அடித்தாயிற்று.

அப்புறம் தாகம்.
எஞ்சினுக்கு அடியில் படுத்தால்
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஓட்டம்.
எவுலோகியோ ஸ்பேனரை நீட்டிவிட்டு
ஏதோ கேட்க நின்றான்,
மழையைத் திட்டிவிட்டுப் போனான்.

மீன்சந்தைப் படியில்
கடற்சிங்கம் ஒன்று கொட்டாவி விட்டது.
அதைப் பார்த்து அழுதேன்.
அவ்வளவு பெரிய வாய்,
அவ்வளவு நிதானம்.

ஏழாம் வாரம் இடது மார்பில்
செர்ரிக் கொட்டையாய் ஒரு கட்டி.
பூனை சரியாக அதன்மேல் காலை வைத்தது.
நான் போட்ட கூச்சலுக்கு
கரண்டியோடு ஓடிவந்தாள் நொல்ஃபா.
விஷயம் தெரிந்ததும்
பூனைக்கு ஒரு சார்டின் கொடுத்தாள், முழுசாக.

நேற்று கம்பளிச் சாக்ஸ் தேடி
அவளுடைய கடைசி இழுப்பறையைத் திறந்தேன்.
என் பழைய பட்டறைச் சட்டை.
துவைக்காதது. பிளாஸ்டிக் பையில் இறுக்கி முடிந்தது.
ஒருநாள் தலையணையை முகர்ந்து
"டீசல் அப்படியே இருக்கு,
அதுக்கடியில இருந்த ஒண்ணு போயிடுச்சு" என்றிருந்தாள்.
போச்சே என்றும் சொல்லவில்லை,
போகட்டும் என்றும் சொல்லவில்லை.
அந்த முடிச்சில் அவள் பல் பட்ட தடம்.
இருந்த மடிப்பு கலையாமல் வைத்து மூடினேன்.
சாக்ஸ் கிடைக்கவில்லை.

இப்போது முழு மாத்திரை.
நறுக்க ஒன்றுமில்லை.
ஆனாலும் காலையில் கத்தியை எடுத்துவைக்கிறாள்,
ரொட்டிக்கு என்கிறாள்.
நாவுக்கடியில் நீலம் கரைகிறது.
பதில் வராதென்று தெரிந்தே கூப்பிடுகிறாள்:
"இஸ்மேனியா."
அடுப்பைக் கிளறிவிட்டு, மறுபடி:
"இஸ்மேனியா, வெண்ணெய் தீர்ந்துபோச்சு."