ஐந்தாம் தேதிக்குள்

ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும்.
ஆறாம் தேதி கட்டினால்
அந்த மாத வட்டி கடலில் போட்டது.
ஆகவே நாலாம் தேதி காலை
இரவு ஷிப்ட் முடிந்து மணலியிலிருந்து நேராகத்
தண்டையார்பேட்டை தபாலாபீஸ் வரிசையில்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்கிறேன்,
பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயோடு.

போடும்போது வரி இல்லை.
வளரும்போது வரி இல்லை.
எடுக்கும்போதும் வரி இல்லை.
கவுண்டர் அம்மாள் ஒன்பது வருஷத்துக்கு முன்
நிமிர்ந்து பார்க்காமல் சொன்னது.
மூன்று இல்லைகளை ஒரே மூச்சில்
நல்ல செய்தியாக நான் கேட்டது அன்றுதான்.

மூச்சு என்றதும்தான்.
எர்ணாவூரில் எங்கள் மாடியில்
காயப்போட்ட வெள்ளைச் சட்டைக்குச்
சாயங்காலத்துக்குள் நரை விழும்.
மூலத்திலேயே பிடித்தம்.
எந்தப் படிவம் போட்டாலும் திரும்ப வராது.
கோவர்த்தனன் அண்ணன் ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றார்.
சந்தன மாலை, குரூப் போட்டோ, சுவர்க்கடிகாரம்.
கடிகாரத்தின் முதல் பேட்டரி தீர்வதற்குள்
அவர் தீர்ந்தார்.
பதினாறாம் நாள் சாப்பாட்டில்
தண்ணீர் தெளித்த இலையின் ஓரத்தில்
விரலால் எழுதினேன்: ஐம்பது.

மாசச் செலவு இருபத்தெட்டாயிரம்.
பன்னிரண்டால் பெருக்கி முப்பதால் பெருக்கினால்
ஒரு கோடியே எண்பதாயிரம்.
அந்த எண்பதாயிரத்தைச் சில்லறை என்று எழுதும்போது
எனக்கே கூச்சமாக இருந்தது.
அம்சாவிடம்கூட
மிக்ஸி ஓடும்போதுதான் தொகையைச் சொன்னேன்.

மாதம் ஏழாயிரம் ஃபண்டிலும் போகிறது.
மார்ச் கடைசியில் லாபம்
ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டாமல் விற்று
மறுநாளே திரும்ப வாங்குவேன்.
வலையை உதறி அதே இடத்தில் வீசுவதுபோல என்று
மச்சானுக்கு விளக்கினேன்.
"மீன் இன்னா ஆச்சு?" என்றான் தேசிங்கு.

காசிமேட்டில் அவன் ஃபைபர் படகு.
தை மாசம் இஞ்சின் இறுகிப்போய்
தொண்ணூறாயிரம் கேட்டு வந்தான்,
ஈர லுங்கியோடு, உட்காராமல்.
"பதினஞ்சு வருஷம் தொட முடியாது மச்சான், சட்டம்."
"துட்ட உள்ள வெச்சிட்டாங்களா?
ஜாமீன் கெடிக்காதா மாமா?"
சிரித்தான். நானும் சிரித்தேன்.
அம்சா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்,
நறுக்கி முடித்த பிறகும் நறுக்கினாள்.

ஏழாம் வருஷத்திலிருந்து ஒரு பகுதி எடுக்கலாம்.
பாஸ்புக் பின்னட்டையில்
எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கிறது.
பூட்டைத்தான் காட்டினேன்.
சாவி என் பையில் சில்லறையோடு உரசிக்கொண்டிருந்தது.

நோட்டில் உபரி என்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன்.
சிவப்பு மையில் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது.
அதில் மச்சான் இல்லை,
அம்சாவின் ராத்திரி இருமல் இல்லை,
ஐம்பதுக்குப் பிறகு காலையில் எழுந்து
நான் என்ன செய்வேன் என்பதும் இல்லை.
தூங்குவேன் என்று நினைக்கிறேன்.
இருட்டில், எல்லோரையும்போல.

வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர்.
பாஸ்புக்கைத் திறந்தால்
நாலாய் மடித்த படிவம் விழுகிறது.
பணம் எடுக்கும் படிவம்.
அம்சாவின் முத்து முத்தான கையெழுத்தில்
எண்ணாலும் எழுத்தாலும் தொண்ணூறாயிரம்.
கையொப்பக் கட்டம் மட்டும் காலி.
கீழே பென்சிலில் ஒரு கணக்கு,
என் முறையிலேயே போட்டிருக்கிறாள்:
தொண்ணூறை இருபத்தெட்டால் வகுத்து
மூன்று மாதம், ஆறு நாள்.

ஐம்பது வயது, மூன்று மாதம், ஆறு நாள்.
சொல்லிப் பார்க்கிறேன்.
ஹெல்மெட்டுக்குள் எனக்கு மட்டும் கேட்கிறது.

"போடணுமா, எடுக்கணுமா?" கவுண்டர் அம்மாள்
இன்றும் நிமிரவில்லை.
சணலில் கட்டிய பேனாவை இழுத்தேன்.
எழுதவில்லை.
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்க்கிறேன்,
உதறிவிட்டு
மறுபடியும்.