வெளிர் சாம்பல்

சயானில் ஓர் ஆஸ்பத்திரி வாசல். பகல் பன்னிரண்டு.
மரியபுஷ்பத்தின் போன் திரையில்
மூலைக்கு மூலை ஒரு விரிசல்.
விரிசலின் மேல் வெயில்.
வெயிலுக்கு அடியில் எங்கேயோ
நான் வைத்த பொத்தான்.

லோயர் பரேலில், ஏசி அறையில்
திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான்
அந்தச் சாம்பலைத் தேர்ந்தெடுத்தோம்.
வெள்ளைக்குப் பக்கத்து வீடு.
சுற்றிலும் காலியிடம், தாராளமாய்,
பத்துக்குப் பத்தில் ஆறு பேர் உறங்கும் ஊரில்.
'பக்கம் மூச்சு விடுகிறது பார்' என்றான் பராக் கேல்கர்.
நானும்தான் தலையாட்டினேன்.

மகனுக்கு ஸ்கேன் எடுக்கத் தேதி வேண்டும் அவளுக்கு.
தலைப்பை அழுத்துகிறாள்.
நீலப் பெட்டிக்குள் இருப்பதால் கதவு மாதிரி இருக்கிறது;
சுவரில் வரைந்த கதவு.
படத்தில் இருக்கும் டாக்டரை அழுத்துகிறாள்,
அவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார்.
கீழே தள்ளுகிறாள். வெறுமை.
முடிந்துவிட்டதாக்கும் என்று விரல் நிற்கிறது,
இன்னும் இரண்டு அங்குலம் இருக்க.

கண்ணில் படுவது ஒன்றே ஒன்று,
தடித்த சிவப்பில்:
மராத்தியில் ரத்த், தமிழில் ரத்து,
வாசிக்கச் சிரமமே இல்லை.
தெரிவதைத்தானே தொடுவார்கள்.

மூன்றாம் முறையாக
பெயர், வயது, ஆதார் எண், முதலில் இருந்து.

'நமக்கு அவ்வளவு படிப்பு கிடையாதுல்லா தம்பி.'

அவள் பையில் பொடி எழுத்து வேதாகமம்,
நடுவே அடையாளத்துக்கு லோக்கல் ரயில் பாஸ்.
நின்றுகொண்டே வாசிக்கிறவள்.

'பயனர் தடுமாறுகிறார்' என்று
என் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்.
அடித்தேன்.
எழுவாயை மாற்றி எழுத
அந்த வரியில் இடமில்லை.

போனை வாங்கினேன்.
உள்ளங்கையால் நிழல் கட்டாமல்,
குனிந்துகூடப் பார்க்காமல்
ஒரு தொடுதல்.
பத்தொன்பதாம் தேதி, வியாழன், காலை எட்டரை.

'எப்படி தம்பி டக்குனு கண்டுபுடிச்சிய?'

சொல்லியிருக்கலாம்.
அதற்குள் பின்னால் நின்ற காக்கிச் சட்டைக்காரர்
தன் போனையும் நீட்டினார்.
அவருக்குப் பின்னால்
கைக்குழந்தையோடு ஒருத்தி,
துப்பட்டா நுனியால் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்,
அழுக்கு அதில்தான் என்று.