மாதிரி எண் பதினொன்று

முதல் அரையாண்டு முழுக்கத் தோடம்பழத்துக்குத்தான் குத்தினேன்.
தோலைத் தாண்டு, சுளையைத் தொடாதே என்றார்
நாஞ்சிங்கிலிருந்து திரையில் வந்த பேராசிரியர்.
திருநெல்வேலிச் சந்தையில் கிலோ அறுநூறு.
குத்தின பழத்தை அம்மா சீனி போட்டுக் கரைத்தா;
முதுமாணிச் சாறு என்று தம்பி குடித்தான்.

பிறகு என் கால்.
முழங்காலுக்குக் கீழே நாலு விரல்,
எலும்பின் கரையிலிருந்து ஒரு விரல் தள்ளி.
களைத்து விழுந்தவனுக்கு அதில் குத்தினால்
இன்னும் மூன்று லீ நடப்பானாம்.
ஒரு லீ எவ்வளவு என்று தேடினேன்:
அரைக் கிலோமீற்றர்.
கொக்குவிலிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குக்கூடக் காணாது.

சித்தம் படித்தவளுக்கு ஏன் அக்குபங்சர் என்று
கைதடியில் கேட்டார்கள்,
கல்யாணம் பேச வந்தவர்கள் கேட்டார்கள்,
விண்ணப்பப் படிவமும் கேட்டது, இருநூறு சொல்லுக்குள்.
ஆளுக்கொரு பதில் சொன்னேன்.
படிவத்துக்குச் சொன்னதுதான் அழகான பொய்.

ஆய்வுக்கு முப்பது பேர் வேண்டும்,
இல்லாத காலில் நோ உள்ளவர்கள்.
வேறு ஊர்களில் இதற்கு வருசக்கணக்காய் அலைவார்களாம்.
எனக்கு இரண்டு கிழமை.
"உங்கள் ஊரில் மாதிரிகள் தாராளம்"
என்று எழுதினார் மேற்பார்வையாளர்,
ஒரு சிரிப்புமுகம் போட்டு.
அவரைக் கோபிக்கவும் முடியவில்லை.

பதினொன்றாவது, பாசையூர் எமில்தாஸ்.
இடது கால், முகமாலை.
அதற்குமேல் சொல்லவில்லை.
செயற்கைக் காலைக் கழற்றிச்
செருப்போடு சுவரில் சாத்தினார்.
"உள்ளங்கால் எரியுது பிள்ளை.
சுடுமணலில வெறுங்காலோட நிக்கிறமாதிரி."

உள்ளங்கால் நடுவில் ஒரு புள்ளி உண்டு,
பொங்கும் ஊற்று என்று பெயர்.
அவருடைய ஊற்று
முகமாலையில் எந்தத் தென்னங்கன்றுக்குக் கீழேயோ.
இடத்து நோவுக்கு வலத்தில் குத்து என்கிறது பாடம்.

ஏழு ஊசி.
மெல்லத் திருகினேன். ஒரு உளைவு, ஒரு கனதி
வந்தால்தான் ஊசி சரி.
"வந்திட்டுதோ?"
கண்ணை மூடியிருந்தார்.
"வந்திட்டுது.
மற்றக் காலில."

எங்கே உணர்ந்தார் என்று குறிக்க ஒரு மனிதப் படம்.
படத்துக்கு இரண்டு காலும் முழுசாய் இருந்தன.
இடது உள்ளங்காலில் வட்டம் போட்டேன்.

இருபது நிமிடம்.
சூன் பாண் ஓட்டோ வாசலால் பாடிக்கொண்டு போனது.

கழற்றும்போது எண்ணினேன்.
போட்டது ஏழு. வந்தது ஆறு.
கட்டிலில் இல்லை, நிலத்தில் இல்லை,
எனக்கு வியர்த்துவிட்டது.
"மற்றக் காலில பார் பிள்ளை" என்றார்,
முகத்தில் சிரிப்பே இல்லாமல்.
பார்த்தேன்.
உண்மையாகவே குனிந்து,
விரிப்பில் அந்தக் கால் இருக்கவேண்டிய நீளத்துக்கு
அதன்மேல் கை பட்டுவிடாமல் பார்த்தேன்.

ஊசி சாரத்தின் மடிப்பில் மினுங்கியது.

எரிவு, எட்டிலிருந்து ஆறு என்று எழுதினேன்.
"அஞ்சு போடு" என்றார், காலைப் பூட்டிக்கொண்டே,
"உனக்குப் பட்டம் கிடைக்கட்டும்."
ஆறு என்றே விட்டேன்.