ஒரு சாண்

வூப்பற்றாலில் இன்று மழை இல்லை என்றால்
தூறல் என்று அர்த்தம்.
மலைச்சரிவில் மூன்றாம் மாடி,
வடக்குப் பார்த்த படுக்கையறை.
அலுமாரிக்குப் பின்னால் முதலில் ஒரு கறுத்தப் புள்ளி.
தை மாதம் முடிய அதற்குப் பிள்ளை குட்டி.

வீட்டுக்காரி ஹோல்ஷர் அம்மா
விரலால் சுவரைத் தொட்டு மணந்து பார்த்தா.
"நீங்கள் நிறையச் சமைக்கிறீர்கள்."
பிழை என்று சொல்ல ஏலாது,
அடுப்பில் அப்போதும் புட்டு அவிந்துகொண்டிருந்தது.

நாளுக்கு மூன்று தரம், ஐந்து நிமிடம்,
எல்லா யன்னலும் அகலத் திறக்க வேணும்.
சாய்த்து வைத்தால் சுவர்தான் குளிரும்,
ஈரம் இருந்த இடத்தில் இருக்கும்.
தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினா.

காலை ஆறுக்குத் திறக்கிறேன்.
ஹீற்றருக்குக் கட்டின காசெல்லாம்
ஜக்கெற் போடாமல் வெளியே ஓடுகிறது.
திலக்ஷன் போர்வைக்குள் இருந்து
முந்நூறு வரை ஜெர்மனில் எண்ணுவான்.
நூற்றெண்பது தாண்டினால் களவாய்ப் பாய்வான்.

பிறகு, பழசாய் வாங்கின ஈரம் உறிஞ்சி.
இரவெல்லாம் உறுமி
விடிய வாளியில் இரண்டு லீற்றர் வைத்திருக்கும்.
எங்கால இவ்வளவு தண்ணி?
கயிற்றில் காயும் வேலைச் சட்டை நாலு,
நீத்துப்பெட்டி, பிள்ளையின் குளிப்பு,
மிச்சம் நாங்கள் விட்ட மூச்சு என்கிறது கைநூல்.
மூன்று பேர் படுத்தெழும்பினால்
ஒரு லீற்றருக்குக் கிட்டவாம்.

வேறு வீடு பார்ப்பம் என்றார் இவர்.
எந்தச் சம்பளத்தில் என்றேன்.
அவ்வளவுதான்,
அதோடு மூன்று நாள் கதை இல்லை.
உப்புப் போத்தலைக் கூடப்
பிள்ளையிடம் சொல்லித்தான் வாங்கினோம்.

அந்த மூன்று நாளும்
வாளிக் கோடு ஒரு நூல் இறங்கவில்லை.
பேசாத ஆட்களும் அதேயளவு மூச்சு விடுகிறார்கள்.

நாலாம் நாள் இரவு வேலை முடிந்து வந்தவர்
எனக்கு முதல் யன்னலைத் திறந்து
சப்பாத்தோடு நின்றார்.
உள்ளே எண்ணிக்கை ஓடியது.
"இருநூற்றிப் பத்தை விட்டிட்டாய்" என்றார்.
"அப்பா, நீங்கள் கேட்டுக்கொண்டா நிற்கிறீங்கள்?"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
ஆவியாய், கண்ணுக்குத் தெரியத் தெரிய.

ஞாயிறு அலுமாரியை இருவருமாய் இழுத்து
சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம்.
புள்ளிகளை வினாகிரி போட்டுத் துடைத்தார்,
ஒன்று மட்டும் போகவில்லை.
மீற்றரில் அறுபத்தொன்று.

இப்போது கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே
பக்கவாட்டில்தான் நடக்கலாம்.
எதிரே ஆள் வந்தால்
ஒருவர் வயிற்றை எக்கி நிற்க வேணும்.
பெரும்பாலும் அவர்தான் நிற்கிறார்,
வயிறும் அவருக்குத்தான் இருக்கிறது.