இரண்டு மணிக் குச்சி

அறுபது நாள். ஆறு மணிக்கு ஒரு தடவை ஒரு குச்சி.
உதட்டின் உள்புறம் தேய்த்து, குழாயில் இட்டு,
நேரத்தை எழுத வேண்டும். அவ்வளவுதான்.
முகா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் தார்வோ
ஒன்றுகூடத் தவறவிடவில்லை.
இரவு முறையில் குச்சியை மேலேயே எடுத்திருப்பார் போல,
சீட்டில் எழுத்தெல்லாம் காற்றில் ஆடியிருக்கும்.
அப்போது அவர் பெயர் எனக்குத் தெரியாது.
தாலின் ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில்
அவர் வெறும் நாற்பத்தொன்று.

பிப்ரவரி ஒன்பது, இரவு எட்டு: ஒன்றுமில்லை.
இரண்டு மணி: இருக்கிறது, ஆயிரக்கணக்கில்.
காலை எட்டு: கொஞ்சம்.
மதியம் இரண்டு: ஒன்றுமில்லை.
இயந்திரத்தைச் சந்தேகித்து மறுபடி ஓட்டினேன்.
அதேதான்.

போர் என்று குறிப்பேட்டில் எழுதி, அடித்தேன்.
போரென்றால் யாராவது விழித்திருக்க வேண்டாமா?

மண்டையோட்டின் அடியில் ஒரு நரம்பு முடிச்சு.
அதற்குள் படுத்திருக்கிறது, வாய் திறக்காமல்.
நீறுபூத்த நெருப்பு என்பார்கள். இல்லை,
நெருப்புக்குப் பசி பொறுக்காது. இதற்குப் பொறுக்கும்.
பக்கத்திலேயே, தொட்டுக்கொண்டு,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டபடி
ஒரு டி செல்.
கொல்லத் தெரிந்தது, கொல்வதில்லை.
கொன்றால் போவது நரம்பு,
போன நரம்பு திரும்ப முளைக்காது.
ஆகவே அது முனகும்போது மட்டும்
வாயைப் பொத்துகிறது.
சில இரவுகளில் ஒரு முனகல் நழுவி
இழை வழியே உதடுவரை வந்துவிடும்.
அங்கேயும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கு ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச்சில்,
பனிமேல் சறுக்கி வெயில் பட்ட மறுவாரம்
மேலுதட்டின் வலது ஓரத்தில் குறுகுறுக்கும், கொப்பளிக்கும்.
என் ஆட்கள் தூங்குகிறவர்கள் இல்லை.
வந்துசேரக் கொஞ்சம் தாமதம்.

ஏப்ரலில் முடிவுத்தாளைக் கொடுத்தபோது
தார்வோ நெடுநேரம் வாசித்தார்.
"எனக்கு உதட்டில் ஒன்றுமே வந்ததில்லை."
தெரியும் என்றேன்.
"அன்றைக்கு என்ன செய்தேன்?"
பனி. கொள்கலன்கள். கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும்.
சளியில்லை, யாரோடும் சண்டையில்லை.
"ஒன்றும் நடக்கவில்லையே."
அதைத்தான் எழுதியிருக்கிறோம் என்றேன்.

தொப்பியை மாட்டிக்கொண்டு கேட்டார்:
"எனக்கு யார் கொடுத்தது?"
சொல்ல முடியாது. பெரும்பாலும் நீங்கள் பேசத் தொடங்குமுன்
யாராவது முத்தமிட்டிருப்பார்கள்.
சிரித்தார். "எங்கள் வீட்டிலா?
எங்கள் வீட்டில் யாரும் யாரையும்…"
கட்டைவிரல் கீழுதட்டுக்குப் போய்
அங்கேயே நின்றுவிட்டது.

தாளை நான்காக மடித்தார்.
படிவரை போய்த் திரும்பி வந்து
மீந்த குச்சி ஏதும் இருக்கிறதா என்றார்.
இரண்டு கொடுத்தேன்.
எதற்கென்று நானும் கேட்கவில்லை.